உடனுண்டோர் பட்டியல்

வினோதினியின் வேலை அடுத்தவர் வயிற்றைப் படிப்பது.

தாராபுரம் புறவழிச்சாலையில் இருந்த குடல்நல மையத்தில் அவள் அறிக்கை வாசிப்பாளர். நாற்பது வயது தாண்டிய எல்லோரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 'முத்து' விழுங்க வேண்டும் என்று சட்டம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முத்து என்பது சனங்கள் வைத்த பெயர். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குளிகை. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரைப்பையில் தொடங்கிக் கடைசிவரை போகிற வழியெல்லாம் படம் பிடித்து, சுரண்டி, சோதித்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வெளியே வரும். அதை மையம் தரும் டப்பாவில் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது அவரவர் பாடு. ஆரம்பத்தில் வெட்கப்பட்டார்கள். இப்போது பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவதுபோல டப்பாவும் கையுமாக வரிசையில் நின்று ஊர்க்கதை பேசினார்கள்.

நெஞ்செரிச்சல், வாயு, மலச்சிக்கல், மூலம், புண், புற்றுநோயாக மாறப் பார்க்கிற புண் என்று எல்லாம் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. பயம் இரண்டாவது பக்கத்தில் இருந்தது. உடனுண்டோர் பட்டியல்.

டாக்டர் ஹேமலதா இதை ஊழியர்களுக்கு முதல் நாளே விளக்கியிருந்தார். "இரைப்பைப் புண் கிருமிய ஒருத்தர்கிட்ட மட்டும் ஒழிச்சுப் பிரயோசனமில்ல. வீட்டுல இன்னொருத்தர்கிட்ட இருந்தா ஆறு மாசத்துல திரும்ப வந்துடும். அதனால யார் யாரோட சேர்ந்து சாப்பிடறாங்கன்னு மெஷினே கண்டுபிடிச்சுச் சொல்லும். ஒரே தட்டு, ஒரே டம்ளர்னு வருஷக்கணக்கா புழங்கினவங்களுக்கு வயித்துக்குள்ள ஒரே குடும்பத்துக் கிருமிங்க இருக்கும். எல்லாரையும் கூப்பிட்டு ஒண்ணா மருந்து கொடுக்கணும்."

சொல்வதற்கு எளிது. ஆனால் மனிதர்கள் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது இந்த ஊரில் சின்ன விஷயமா? பட்டியல் வந்த முதல் ஆண்டிலேயே ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் குடும்பம் இரண்டானது. ஒரு கிராமத்தில், ஒரு தெருக்காரர் கையில் மறு தெருக்காரர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத இடத்தில், இரண்டு தெருவைச் சேர்ந்த இரண்டு சிநேகிதர்கள் இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டது வெளியே தெரிந்தது. அதில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். அதன்பிறகு பட்டியலை நோயாளிக்கும் மருத்துவருக்கும் வாசிப்பாளருக்கும் தவிர யாருக்கும் காட்டக்கூடாது என்று விதி திருத்தினார்கள்.

இத்தனை வயிறுகளைப் படித்த வினோதினி தன்னுடையதைப் படித்ததில்லை. வயது ஐம்பத்து மூன்று. ஊழியர்களுக்குப் பரிசோதனை கட்டாயம்தான். அவள் ஒவ்வொரு முறையும் காய்ச்சல், விரதம், அவசர வேலை என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டாள். நோய்க்குப் பயந்து அல்ல. அறிக்கையை யாராவது ஒரு சக ஊழியர்தான் படிப்பார். அந்த இரண்டாவது பக்கத்தில் ஒரு பெயரும் இருக்காது. அதை இன்னொருவர் பார்ப்பதை நினைத்தாலே அவளுக்குக் கூசியது.

கணவர் மோகனவேல் இறந்து ஐந்து வருடம். காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை பார்த்தவர். இரைப்பைப் புற்றுநோய். கண்டுபிடித்தபோது முற்றிவிட்டது, நான்கு மாதத்தில் முடிந்தது. அதற்கு அடுத்த வருடம்தான் முத்து வந்தது. பஞ்சாலையின் தரக்கட்டுப்பாட்டு வேலையை விட்டுவிட்டு அவள் இந்த மையத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "வீட்டுக்குப் பக்கமுங்க" என்றாள். குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள், போவார்கள்.

ஆடி மாதத்து முதல் வாரம். காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போவதுபோல அடித்தது. அன்று காலை பதினோராவது அறிக்கையாக மெகருன்னிசா என்ற பெண்ணுடையது திரையில் வந்தது. வயது நாற்பத்தாறு. மேட்டுக்காட்டுப்புதூர். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண், கிருமி இருக்கிறது, ஓரத்தில் மாறத் தொடங்கிய செல்கள். உடனே பார்த்தால் குணமாகிவிடும் என்ற கட்டத்தில் இருந்தது. வினோதினி குறிப்பெழுதிவிட்டு இரண்டாவது பக்கத்தைத் திறந்தாள்.

ஒரே ஒரு பெயர்.

மோகனவேல், ஆண், இறந்தவர். பொருத்தம் தொண்ணூற்று நான்கு விழுக்காடு. சேர்ந்து உண்ட காலம் எட்டு ஆண்டுகளுக்கு மேல். மாதிரி கிடைத்த இடம்: கோவைப் புற்றுநோய்த் திசு வங்கி.

அவள் பிறந்த தேதியைப் பார்த்தாள். முகவரியைப் பார்த்தாள். அது அவள் வீட்டு முகவரி.

பக்கத்து மேசைக்காரி டீ சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்று வினோதினி தலையை ஆட்டினாள். விதிப்படி அடுத்து அவள் செய்ய வேண்டியது நோயாளியைக் கூப்பிட்டு, உடன் உண்பவர்கள் யார் என்று விசாரிப்பது. அறிக்கையை வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாம். அவள் தள்ளவில்லை. மைக்கில் டோக்கன் எண்ணைச் சொன்னாள்.

மெகருன்னிசா ஒல்லியான பெண். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். விரல் நுனிகளில் கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுக்கிறாளாம்.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க. ஆரம்பத்துலயே பார்த்தாச்சு. டாக்டர் மருந்து சொல்லுவாங்க," என்றாள் வினோதினி. "உங்ககூட வீட்ல யாரெல்லாம் சாப்பிடறாங்க?"

"யாருமில்லீங்க. கட்டிக் குடுத்த எடம் ஒத்துவரலைன்னு அத்தா வீட்டுக்கே வந்துட்டனுங்க. அத்தாவும் மௌத்தாயி நாலு வருஷமாச்சு. இப்ப நான் மட்டுந்தான்."

"முன்ன யாராவது? வெளியாளா இருந்தாலும் சொல்லுங்க. மருந்துக்காகத்தான் கேக்கறேன்."

மெகருன்னிசா யோசிக்கவே இல்லை. "இருந்தாருங்க. மோகன் அண்ணன்னு ஒருத்தரு. காத்தாடி மிசின் பாக்கறவரு. எங்க வீட்டு முன்ரூம கம்பெனிக்காரங்க சாமான் போட வாடகைக்கு எடுத்திருந்தாங்க. அதுக்கு வருவாரு."

வினோதினி குனிந்து எதையோ எழுதுவதுபோலப் பேனாவை நகர்த்தினாள். "வந்து சாப்பிடுவாரா?"

"அது ஒரு கதைங்க. அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து சோத்தாங்கை விழுந்துபோச்சு. நான் ஊட்டப்போனா வாய மூடிக்குவாரு. பொம்பளப் புள்ள கையில ஊட்டிக்கிட்டுக் கெடக்கணுமான்னு வெக்கம். நாளுக்கு நாள் எளச்சுட்டே வந்தாரு. ஒருநா நல்ல மழை. மோகன் அண்ணன் டிபன் டப்பாவோட உள்ள வந்து ஒக்காந்தாரு. எங்ககிட்ட ஒரு தட்டு கேட்டாரு. 'மாமா, தனியாத் தின்னா எனக்கு எறங்க மாட்டேங்குது, நீங்களும் ஒரு வாய் வாங்குங்க'ன்னு அவரு ஒரு வாய், அத்தாவுக்கு ஒரு வாய். அத்தா வாங்கிக்கிட்டாரு. அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க. மத்தியானம் ஆச்சுன்னா ஒரே தட்டுல ரெண்டு பேரும். மிச்சத்துல நான். ஒம்பது வருஷம்."

"அவர் குடும்பம்?"

"பாவம், தனிக்கட்டைங்க. வீட்ல யாருமில்லம்மான்னு சொல்லுவாரு."

ஜன்னலுக்கு வெளியே காற்று ஒரு தகரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு?" என்றாள் வினோதினி. தன் குரல் எப்போதும்போல இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவரே ஆக்கிட்டு வருவாருங்க. அந்த அரிசியும்பருப்புச் சோறு இருக்குதே, அத்தாவுக்கு அதுன்னா உசுரு. ஆம்பள கையில இப்புடி வருமாண்ணேன்னு கேப்பேன். ஒத்தையாக் கெடந்தா எல்லாம் வரும்மாம்பாரு." மெகருன்னிசா சிரித்தாள். பிறகு முன்னால் சாய்ந்தாள். "ஏனுங்க, அவரு பேரு உங்க மிசின்ல வந்துதுங்களா? எங்கிருக்காருங்க? வயிறு சரியில்ல, பத்து நாள் கழிச்சு வர்றேன்னு போனவரு. அஞ்சு வருஷமாச்சு. போன் பண்ணா எடுக்கல. கம்பெனியில கேட்டா ஆள் மாறிட்டாங்கன்னாங்க. நாங்க என்ன தப்புப் பண்ணோம்னு அத்தா கேட்டுட்டே கெடந்தாரு."

சொல்லித்தான் ஆகவேண்டும். பட்டியலில் இருப்பதைச் சொல்வது விதி.

"அவர் இறந்துட்டாருங்க. அதே வருஷம். வயித்துல புற்றுநோய்."

மெகருன்னிசா முக்காட்டின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. வெகுநேரம் அழுதாள். தன் கணவனுக்காக ஒருத்தி தன் எதிரிலேயே அழுவதை வினோதினி பார்த்துக்கொண்டிருந்தாள். சவ அடக்கத்தன்று ஊரே ஒப்பாரி வைத்தபோதும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதை அன்றைக்கு எல்லோரும் கவனித்தார்கள்.

"கடைசியில கூட யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டாள் மெகருன்னிசா.

"இருந்தாங்க," என்றாள் வினோதினி.

*

வினோதினிக்கும் மோகனவேலுக்கும் இடையில் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. வந்திருந்தால் சமாதானமும் ஒரு நாள் வந்திருக்கும். பஞ்சாலையில் அவளுக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். அவருக்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஓய்வே கிடையாது. அவள் விடியலில் சமைத்து, அவருக்கு டப்பாவில் போட்டு, மீதியை மூடிவைத்துவிட்டுப் போவாள். வீட்டிலும் அவரவர் பசிக்கு அவரவர் போட்டுச் சாப்பிட்டார்கள். முதலில் நேரம் ஒத்துவராமல் அப்படி நடந்தது. பிறகு நேரம் ஒத்துவந்த நாட்களிலும் அப்படியே நடந்தது. "மேசைமேல இருக்குது" என்பதுதான் அவர்கள் அதிகம் பேசிய வாக்கியம். டப்பா மட்டும் ஒரு நாள்கூட மிச்சமில்லாமல் காலியாகத் திரும்பி வரும். சமையல் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதையும் அவள் கேட்டதில்லை.

இன்னொரு குடும்பம் வைத்திருந்தார் என்றால் அவளால் திட்டித் தீர்த்திருக்க முடியும். இவர் வாய் கோணிய ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறார். அவரிடம் கதை பேசியிருக்கிறார். மழை பெய்த கதையெல்லாம் அந்த வீட்டில் யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள். யோசிக்க யோசிக்க அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்து, கடைசியில் ஒரு இடத்தைப் பிடித்தது. அந்தத் தட்டு. கிருமி அந்தத் தட்டில்தானே இருந்திருக்கும்? அந்த வீட்டில் ஊட்டிய சோற்றில்தானே இவருக்கு ஒட்டியிருக்கும்? அப்படியானால் அவரைக் கொன்றது அந்த வீடு.

இந்த நினைப்பு வந்தபிறகு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. துணைக்கு யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி.

மறுநாள் காலை எதுவும் சாப்பிடாமல் டாக்டர் ஹேமலதாவின் அறைக்குப் போனாள்.

"கிருமி யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

"முடியும். ஒவ்வொரு வயித்துக்கு மாறும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமா உருமாறும். அப்பன் யாரு, புள்ள யாருன்னு வம்சாவளி மாதிரி வரிசைப்படுத்தலாம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மேட்டுக்காட்டுப்புதூர் கேஸ்தானே? நேத்தே பார்த்தேன். அது உங்க வீட்டுக்காரர்."

வினோதினி தலையாட்டினாள்.

"வரிசை முழுசா வரணும்னா உங்க சாம்பிளும் வேணும், வினோதினி. நாலு வருஷமா டிமிக்கி கொடுக்கறீங்க."

அவள் முத்தை அங்கேயே, டாக்டர் மேசைமேல் இருந்த தண்ணீரில் விழுங்கினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். திரையைத் திருப்பாமல் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். ஆயிரக்கணக்கானவர்களை இப்படிப் பார்த்துப் பழகியவர். வினோதினிக்கு அந்தப் பார்வை தெரியும்.

"உங்களுக்கும் கிருமி இருக்கு. புண் இல்ல. சில பேர் உடம்பு அதுகூட ஒத்துப்போயிடும், ஆயுசு பூரா ஒரு தொந்தரவும் தெரியாது. சின்ன வயசுலேயே உங்களுக்கு வந்திருக்கணும்."

"வரிசை டாக்டர்?"

"நீங்கதான் முதல். உங்ககிட்ட இருந்து அவருக்கு. அவர்கிட்ட இருந்து அந்தப் பெரியவருக்குப் போயிருக்கணும். அவர் சாம்பிள் நம்மகிட்ட இல்ல. பெரியவர்கிட்ட இருந்தோ, நேராவோ அந்தம்மாவுக்கு." டாக்டர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "இது யாரோட தப்பும் இல்ல. இந்த நாட்டுல பாதிப் பேர் வயித்துல இது இருக்கு. கல்யாணம் பண்ணி ஒரு வீட்ல இருந்தா ஒட்டத்தான் செய்யும்."

அப்படியென்றால் மணமான புதிதில். இருவரும் ஒரே இலையில் உண்ட அந்தச் சில மாதங்களில்.

"அவங்க அத்தா எதனால இறந்தாருன்னு ஏதாவது இருக்கா டாக்டர்?"

"ரத்த வாந்தின்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. வீட்லயே இறந்திருக்கார். அதுக்குமேல தெரியாது. தெரிஞ்சுக்கவும் முடியாது."

டாக்டர் திரையைத் திருப்பினார். வினோதினியின் அறிக்கை, இரண்டாவது பக்கம். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. மோகனவேல், இறந்தவர். அதற்குக் கீழே மெகருன்னிசா. ஒருவரை ஒருவர் ஒரே ஒருமுறை, அதுவும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்த இரண்டு பெண்களை, வருடக்கணக்கில் சேர்ந்து சாப்பிட்டவர்கள் என்று இயந்திரம் எழுதியிருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மருந்து ஆரம்பிக்கணும். அந்தம்மாவுக்குப் போற அறிக்கையில உங்க பேரு வரும். மூலம் நீங்கன்னும் வரும்." டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "வேண்டாம்னா இதுல கையெழுத்துப் போடுங்க. மூலம் தெரியலைன்னு போட்டு அனுப்பலாம். சட்டத்துல இடம் இருக்கு. வைத்தியத்துல ஒரு வித்தியாசமும் வராது."

வினோதினி அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைவரை அது அங்கேயே கிடந்தது. ஞாயிறு காலையில் அதை எடுத்து நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு, குண்டடம் போகிற பேருந்தில் ஏறினாள்.

*

மேட்டுக்காட்டுப்புதூரில் இறங்கினால் நாலாபக்கமும் காற்றாலைகள். அவற்றின் இரைச்சலுக்கு நடுவே மெகருன்னிசாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. முன்ரூமில் இப்போது சாமான் எதுவும் இல்லை. வெட்டிய பிசிறு நூல் மட்டும் மூலைமூலையாகப் பறந்துகொண்டிருந்தது.

"மேடமுங்களா? வாங்க, வாங்க. வீட்டுக்கே வந்து மருந்து குடுப்பீங்களா?" மெகருன்னிசா பனியன் மூட்டையைத் தள்ளிப் பாய் விரித்தாள்.

"உக்கார வேண்டாமுங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்," என்றாள் வினோதினி. வழிநெடுக யோசித்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "நான் மோகனவேலோட சம்சாரம்."

மெகருன்னிசாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"இருபத்தி மூணு வருஷம்."

"அப்ப எங்ககிட்டப் பொய்யா சொன்னாரு? ஒம்பது வருஷமும்?" அவள் குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது. "அத்தா தொழுகையிலெல்லாம் அவருக்குன்னு துவா செய்வாரு. இந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல தொணையக் குடுன்னு. எல்லாம் பொய்க்கா?"

"பொய் இல்லீங்க." வினோதினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் இருந்தேன். ஆனா அவர் சொன்னது பொய் இல்லீங்க. அவருக்கும் வீட்ல யாருமில்ல, எனக்கும் வீட்ல யாருமில்ல. அப்புடித்தான் இருந்தோம்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொன்னதில்லை. சொன்னதும் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

மெகருன்னிசா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அந்த அரிசியும்பருப்பு நீங்க ஆக்குனதுங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆமாங்க."

மெகருன்னிசாவின் முகம் சற்று இளகியது. வினோதினி அங்கேயே நிறுத்திக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த இளகிய முகத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். பேருந்தில் திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு அது தோன்றியது. ஆனால் அவள் மீதியையும் சொன்னாள். கிருமி எங்கிருந்து புறப்பட்டு யார் யாரைத் தாண்டி இந்த வீட்டுக்கு வந்தது என்று, நோயாளிகளுக்குச் சொல்கிற அதே எளிய வார்த்தைகளில், எதையும் விடாமல் சொன்னாள்.

மெகருன்னிசா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், "அத்தா ரத்தம் ரத்தமாக் கக்குனாரு," என்றாள். "ரெண்டு நாளு. இந்த எடத்துலதான்."

"அது இதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

"இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க," என்றாள் வினோதினி.

"நீங்க வேணும்னு பண்ணல. எனக்குத் தெரியுது," என்றாள் மெகருன்னிசா. எழுந்து கதவருகே போய் நின்றாள். "ஆனா உங்களப் பாத்துட்டு ஒக்கார என்னால ஆவலீங்க. நீங்க போங்க."

வாசலைத் தாண்டும்போது வினோதினி திரும்பிப் பார்த்தாள். மெகருன்னிசா அந்தத் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அதை யாரும் தொட்டிருக்கவில்லை.

*

பதினான்கு நாள் மருந்து. காலையில் நான்கு மாத்திரை, மாலையில் நான்கு. வாய் முழுக்க இரும்பைச் சப்பியதுபோலக் கசந்தது. மையத்திலிருந்து நினைவூட்டும் செய்தி ஒரே நேரத்தில் இருவர் கைபேசிக்கும் போகும். வினோதினி மாத்திரையை விழுங்கும்போதெல்லாம், இருபது மைலுக்கு அப்பால் இன்னொருத்தியும் இதே நிமிடத்தில் விழுங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

மெகருன்னிசாவுக்குப் புண் ஆறியது. கெட்டுப்போன ஓரத்தைக் குழாய் விட்டுச் சீவி எடுத்துவிட்டார்கள். கத்தி வைக்காமலே முடிந்தது. பயம் நீங்கியது. அறிக்கையை வேறு வாசிப்பாளர்தான் படித்துச் சொன்னார்.

வினோதினிக்குத்தான் விபரீதமாகியது. கிருமியோடு சேர்ந்து நல்லதும் அழிந்துபோனது. இருபதாம் நாள் தொடங்கிய வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கஞ்சி தங்கவில்லை, மோர் தங்கவில்லை. கண்கள் உள்ளே போய், வேலை செய்த மையத்திலேயே பின்கட்டில் கட்டிலில் படுத்தாள். கையில் குளுக்கோஸ் ஏறியது.

"மருந்து சாப்பிடற நூத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்," என்றார் டாக்டர் ஹேமலதா, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து. "குடல் காலி நிலமாயிடுச்சு. வேண்டாத களை மட்டும் முளைக்குது. நல்ல வயித்துல இருக்கற உயிரினங்களை எடுத்து, புண் கிருமிய நீக்கிச் சுத்தம் பண்ணி, குளிகையாக்கி உள்ள அனுப்பணும். நாத்து நடற மாதிரி."

"நான் முன்ன கொடுத்த சாம்பிள் இருக்குமே டாக்டர்? மருந்துக்கு முந்தினது?"

டாக்டர் தயங்கினார். "அத நான் முதல்லயே பார்த்துட்டேன். பத்தாது. உங்க குடல்ல மொத்தமே ரொம்பக் கொஞ்ச வகைதான் இருந்துது. ஒரே ஆள், ஒரே மாதிரிச் சாப்பாடு, அஞ்சு வருஷமா. அதத் திருப்பி நட்டா நிக்காது. உங்களோட ஒத்துப்போற, நல்லா நெறைஞ்ச சாம்பிள் வங்கியில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மருந்துக்கு முன்னால அந்தம்மாகிட்ட எடுத்து வெச்சது."

வினோதினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "கேக்காதீங்க டாக்டர்."

"கேக்கறது என் வேலை. கொடுக்கறதும் கொடுக்காததும் அவங்க இஷ்டம்."

மூன்று நாள் எந்தத் தகவலும் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றுவாள். துப்புரவுப் பணிப்பெண் வந்து எதுவும் பேசாமல் சுத்தம் செய்துவிட்டுப் போவாள். பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், டிபன் கேரியர் திறக்கிற சத்தம் கேட்கும். வினோதினி கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடப்பாள்.

நான்காம் நாள் காலை நர்ஸ் குளிர்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே முப்பது குளிகைகள், பழுப்பு நிறத்தில், பனி படர்ந்து. பெட்டியின் மேல் ஒப்புதல் படிவம் ஒட்டியிருந்தது. கொடுப்பவரின் விவரம் பெறுபவருக்குத் தெரியக்கூடாது என்ற பொது விதிப்படி பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். மற்றதை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

"நேத்து பஸ்ஸுல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க," என்றாள் நர்ஸ். "இந்தக் கதவு வரைக்கும் வந்தாங்க. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

"தூங்கலைம்மா," என்றாள் வினோதினி.

அவள் படிவத்தைப் பிரித்துப் படித்தாள். கையெழுத்து, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுடையதுபோலக் கட்டத்தை மீறி உருண்டு உருண்டு இருந்தது. 'பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு?' என்ற கேள்விக்கு எதிரே முதலில் ஏதோ எழுதி அடித்திருந்தாள். அதன்மேல் மறுபடி எழுதியிருந்தாள்: அண்ணி.

அதற்கு அடுத்த வரி, 'பெறுபவரைச் சந்திக்க விருப்பமா?' என்று கேட்டது. இரண்டு கட்டங்கள் இருந்தன. இல்லை என்பதற்கு நேராக அழுத்தமாக ஒரு கோடு போட்டிருந்தது.

வினோதினி இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தாள். எத்தனையோ பேருடைய அறிக்கைகளைப் படித்துப் பொருள் சொன்னவளுக்கு, இந்த இரண்டில் எது முடிவு என்று சொல்லத் தெரியவில்லை.

"சில்லு போறதுக்குள்ள முழுங்கணும்மா," என்று நர்ஸ் டம்ளரை நீட்டினாள்.

வினோதினி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு குளிகையை எடுத்து நாக்கில் வைத்தாள். எந்த ருசியும் இல்லை, குளிர் மட்டும் இருந்தது. தண்ணீர் குடித்தாள். அது தொண்டையைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி உள்ளே இறங்கும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.